பழைய எயார் ரைஃபிள் விளையாட்டுப் பொருளா?

தோட்டத்துக்கு வரும் குரங்கை விரட்ட, வீட்டில் கிடக்கும் பழைய எயார் ரைஃபிள் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. இலங்கைத்துறை போன்ற கரையோர ஊரில் அது சரிவருமா?

இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905இல் தயாரிக்கத் தொடங்கிய ரைஃபிள்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். அவற்றில் வெடிமருந்து இல்லை. நெம்புகோலை இழுத்தால் சுருள்வில் அழுந்தி நிற்கும். விசையை அழுத்தியதும் அது விடுபட்டு, உள்ளே இருக்கும் உந்துதண்டைத் தள்ளும். நெருக்கப்பட்ட காற்று ஈயக்குண்டை வெளியே வீசும்.

காற்றுக் கசியாமல் காப்பது ஒரு தோல் வளையம். அது காய்ந்தால் வேகம் குறையும். கண்ட எண்ணெயை ஊற்றினால், அழுத்தச் சூட்டில் அது பற்றி வெடிக்கலாம். குண்டில்லாமல் சுட்டால் உந்துதண்டு மோதிச் சேதமாகும். உப்புக்காற்றில் சுருள்வில்லும் குழலும் துருப்பிடிக்கும்.

வேகம் குறைந்த குண்டு குரங்கைக் கொல்வதைவிடக் காயப்படுத்தி அலையவிடவே செய்யும். ஆனால் மனிதக் கண்ணொன்றைப் பறிக்க அது போதும்.

இதற்குரிய இடம் சுடுதளம்தான். 10 மீற்றர் எயார் ரைஃபிள் 1984 முதல் ஒலிம்பிக் போட்டி. இலங்கையின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் அதில் பங்கேற்றார்.

திருகோணமலை போர் கண்ட மாவட்டம். துவக்குப் போலத் தெரியும் எதுவும் இங்கே கேள்விக்குள்ளாகும். பழைய ரைஃபிள் கையில் கிடைத்தால், எண்ணெய் பூசுவதற்கு முன் அனுமதி பற்றிப் பொலிஸில் கேளுங்கள்.