யவனக் காசும் துலுக்கச் செவ்வந்தியும்

உள்ளங்கையில் வைத்தபோது நம் ஒரு ரூபாயைவிடச் சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் நல்ல தடிமன். நாணயம் சேர்க்கும் நண்பர் காட்டிய ரோமானிய வெள்ளிக்காசு அது. ஒரு பக்கம் இலைமாலை சூடிய திபேரியஸ் சீசரின் தலை. மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண், ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. முப்பது வருஷம் பீளமேட்டு ஃபவுண்டரியில் மோல்டிங் வேலை பார்த்தவன் நான். வார்த்ததா, அடித்ததா என்று விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது அடித்தது. வெள்ளி வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. போட்டவன் கை சற்று விலகியிருக்கிறது. பெண்ணின் நாற்காலிக் கால் வெளியே போய்விட்டது, எழுத்தில் பாதியைக் காணோம். அந்தத் தொழிலாளியை அப்படியே கண்ணெதிரில் பார்த்ததுபோல இருந்தது எனக்கு.

இந்தக் காசு நம்ம ஊருக்குப் புதிதல்ல. சிங்காநல்லூரைத் தாண்டினால் வெள்ளலூர். அங்கே 1842-இல் ஒரே புதையலாக 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸும் திபேரியஸும் வெளியிட்டவை. 1891-இலும் 1931-இலும் அதே ஊரில் மறுபடி கிடைத்தன. இன்று வெள்ளலூர் என்றால் கோவைக்காரர் பலருக்குக் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வருகிறது. இது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் இங்கே? மேற்குத்தொடர்ச்சி மலை பாலக்காட்டில் வழிவிடுகிறது. மேற்குக் கடற்கரை முசிறியில் கப்பல் இறங்கியவர்கள் அந்தக் கணவாய் வழியாக நொய்யல் கரையைப் பிடித்துக் கரூருக்குப் போகலாம். பிற்காலச் சோழர் காலத்தில் இந்த வழிக்கு ராசகேசரிப் பெருவழி என்று பெயர். சுண்டக்காமுத்தூர் பக்கம் பாறையில் வெட்டியிருக்கிறது. வழியில் கொடுமணல். கல்மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் அங்கே அகழாய்வில் வெளிவந்தன. பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். கொங்குச் சீமை அன்றைக்கே பட்டறைச் சீமைதான்.

கரூரில் இன்னொரு சேதி. அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகளோடு கிரேக்கக் காசுகளும் கிடைத்ததை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி நூலாகவே பதிப்பித்தார். செலூக்கிய அரசர்களின் காசும் அதில் உண்டு. அவர்கள் தலைநகர் அந்தியோக்கியா, இன்றைய துருக்கியின் அந்தாக்யா. 2023 பிப்ரவரி பூகம்பத்தில் இடிந்து விழுந்ததே, அதே ஊர். டிவியில் அந்த இடிபாட்டைப் பார்த்தபோது, நம்ம ஆற்று மணலுக்குக் காசு வந்த ஊராயிற்றே என்று நெஞ்சு கனத்தது.

கிரேக்கரையும் ரோமானியரையும் நாம் யவனர் என்கிறோமே, அந்தச் சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். இன்றைய துருக்கியின் மேற்குக் கரைக்குப் பழைய பெயர் அயோனியா. மிலேத்தஸ், எபேசஸ் முதலான கிரேக்க நகரங்கள் அங்கேதான் இருந்தன. அயோனியர் என்பது பாரசீகத்தில் யௌன ஆகி, வடமொழியில் யவன ஆகி, நம்மிடம் யவனர் ஆனது. 1071-இல் மான்சிகர்ட் போரில் செல்ஜூக் துருக்கியர் வென்றபின் அந்த மண்ணின் பேச்சே மெல்ல மாறியது. கிரேக்கர் எழுப்பிய பைசாந்தியம் 330-இல் கான்ஸ்டன்டினின் தலைநகராகி, 1453-இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கைக்குப் போய், இன்றைக்கு இஸ்தான்புல். எங்கள் அம்மாயி செண்டுமல்லியைத் துலுக்கச் செவ்வந்தி என்பார். துருக்கர் என்பதன் திரிபுதான் துலுக்கர். ஒரே நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வாழ்ந்த இரண்டு இனங்களின் பெயரும் தமிழில் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கின்றன.

அந்த இஸ்தான்புல்லுக்கு நம்மை ஆண்டவரும் ஆள் அனுப்பினார். 1786-இல் திப்பு சுல்தானின் தூதர்கள் பெரும் கூட்டமாகக் கப்பலேறி, பஸ்ரா, பாக்தாத் வழியாகப் போய் சுல்தான் முதலாம் அப்துல் ஹமீதைக் கண்டார்கள். கேட்டது ஆங்கிலேயருக்கு எதிரான படை உதவி. கிடைத்தது மரியாதையும் கடிதமும் மட்டும். போனவர்களில் பலர் நோயில் மாண்டார்கள். கோவைக் கோட்டை அப்போது மைசூர் வசம். பிறகு அதைக் கைப்பற்றிய ஆங்கிலேயரிடமிருந்து, 1791 நவம்பரில் திப்புவின் படை முற்றுகையிட்டு மீட்டது. 1799-இல் திப்பு விழ, சீமை கம்பெனிக்குப் போனது.

போன வாரம் பேத்தியைக் கோட்டைமேட்டுக்குக் கூட்டிப்போனேன். சங்கமேஸ்வரர் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, அத்தர்க் கடைகள் இருக்கின்றன.

"கோட்டை எங்கே தாத்தா?" என்றாள்.

"பேரிலதான் இருக்குது சாமி. நம்ம ஊருகூட அப்படித்தான். பூளைமேடுதான் பீளமேடாச்சும்பாங்க. அங்க இப்பப் பூளை எங்க இருக்குது?"

"காப்புக்கட்டுக்கு வாங்குவோமே, அந்தப் பூவா?"

அதேதான். பொங்கலுக்கு முந்தின நாள் கிராமத்து அம்மணிகள் அவினாசி ரோட்டோரம் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து விற்பார்கள். போன பொங்கலுக்கு நாங்கள் கட்டிய காப்பு இன்னும் நிலைப்படியில் காய்ந்து தொங்குகிறது.