தோட்டாவின் வேகமும் தோள் தாங்கும் உதையும்

அமெரிக்காவில் நெடுந்தூர ரைஃபிள் சுடுதலுக்குத் தோட்டா வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது பெட்டியில் அச்சிட்ட வேகம். குண்டு நொடிக்கு எத்தனை அடி வேகத்தில் குழலை விட்டுப் புறப்படும் என்று அதில் இருக்கும். தோளை எவ்வளவு உதைக்கும் என்று இருக்காது. துப்பாக்கியின் எடைக்கு ஏற்ப உதை மாறும் என்பதால் அதை ஒரே எண்ணாகப் போட முடியாது, இது நியாயமான காரணமே. ஆனாலும் கணக்கில் பாதிதான் வாங்குபவருக்குத் தெரிகிறது. மறுபாதியையும் போட்டுப் பார்த்தவர், தன் உடல் தாங்கும் உதையை முதலில் முடிவு செய்வார். அதற்குள் கிடைக்கும் வேகத்தோடு நிற்பார். வேகத்தை முதலில் பிடித்துக்கொண்டு உதையைப் பிறகு சமாளிக்கலாம் என்று இறங்குவது தோளுக்கும் காதுக்கும் கேடு. சட்டம் தரும் நிவாரணத்தையும் அது பலவீனமாக்கிவிடும்.

2007இல் வந்த 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா, 9 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. 1963இல் வந்த 300 வின்செஸ்டர் மேக்னம், 13 கிராம் குண்டைச் சுமார் 880 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. குண்டின் உந்தத்தோடு வெடிமருந்து வாயுவின் உந்தத்தையும் கூட்டி, 5 கிலோ துப்பாக்கிக்குக் கணக்கிட்டால், முன்னதன் உதை ஏறத்தாழ 12 ஜூல், பின்னதன் உதை 31 ஜூல். வேகத்தில் கூடியது நூற்றுக்கு ஏழு. உதையோ இரண்டரை மடங்கு. உந்தத்தின் வர்க்கத்தோடு உதையின் ஆற்றல் ஏறுவதுதான் காரணம். இந்த விலைக்கு இலக்கில் என்ன கிடைக்கிறது? தூரத்தால் குண்டு எவ்வளவு தாழும் என்பதைத் தூரமானியும் அட்டவணையும் சொல்லிவிடும். சுடுபவரை ஏமாற்றுவது காற்று. பக்கக் காற்று குண்டை எவ்வளவு ஒதுக்கும் என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. காற்றே இல்லாத வெளியில் பறக்க ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதைப் பொறுத்தது. நீண்டு மெலிந்த குண்டு காற்றைக் கிழித்துச் செல்வதால் தாமதம் குறையும். ஆகவே மெதுவாகப் புறப்படும் நல்ல வடிவக் குண்டு, வேகமாகப் புறப்படும் மட்டமான குண்டைவிடக் குறைவாக ஒதுங்கலாம். அமெரிக்காவின் பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் போட்டிகளில் நொடிக்கு 3,200 அடி, அதாவது 975 மீட்டர் வரை அனுமதி உண்டு. ஆனாலும் அங்கே முன்னணியில் இருப்பவர்கள் பலர் அந்த வரம்பை எட்ட முயல்வதில்லை. 6 மில்லிமீட்டர் குண்டை மிதமான வேகத்தில் சுடுகிறார்கள். உதை சிறியதாக இருந்தால்தான் தன் குண்டு எங்கே விழுந்தது என்பதை ஸ்கோப்பிலேயே பார்த்து அடுத்ததைத் திருத்த முடியும்.

அமெரிக்க ராணுவத்தின் சோதனை நெறிமுறை உதையை அளந்து வரம்பு வைத்திருக்கிறது. சுமார் 20 ஜூலுக்குக் கீழே வரம்பில்லை. 20 முதல் 40 வரை நாளுக்கு 200 சுடுகை. 40 முதல் 61 வரை 100. 61 முதல் 81 வரை 25. அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. மேற்சொன்ன மேக்னத்தையே மூன்றரைக் கிலோ வேட்டைத் துப்பாக்கியில் சுட்டால் 40 ஜூலைத் தாண்டிவிடும். பயிற்சி பெற்ற வீரனுக்கே வரம்பு இருக்கும்போது, சனிக்கிழமை மட்டும் களத்துக்கு வருபவர் அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். தோளில் கன்றிப்போவது சிறு தொல்லைதான். கண்ணை ஸ்கோப்புக்கு நெருக்கி வைத்தவரின் புருவத்தை அதன் விளிம்பு கிழிப்பதும், தோள் நரம்பு செயலிழப்பதும், இதயமுடுக்கியின் கம்பி முறிவதும் மருத்துவ ஏடுகளில் பதிவானவை. இதயமுடுக்கி பொருத்தியவர் தன் மருத்துவரைக் கேட்காமல் அது இருக்கும் பக்கத் தோளில் துப்பாக்கியை வைக்கவே கூடாது.

குழல் முனையில் மஸில் பிரேக் பூட்டினால் உதை பாதியாகிவிடுமே என்பார்கள். குறைவது உண்மைதான். ஆனால் முன்னோக்கிப் போகவேண்டிய வாயுவை அது பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்பிவிடுகிறது. தோள் தப்பிய அடி காதில் விழுகிறது, பக்கத்தில் படுத்திருப்பவர் காதிலும் விழுகிறது. ரைஃபிள் வெடிப்பு 140 டெசிபலை எளிதில் தாண்டும். அந்த அளவில் ஒரே வெடியும் காதைக் கெடுக்கலாம், உட்செவியில் அழிந்த மயிரணுக்கள் மறுபடி முளைப்பதில்லை. எனவே காதுக்குள் அடைப்பான், மேலே காதுமூடி என இரண்டும் வேண்டும். சைலன்சர் உதையையும் ஓசையையும் சேர்த்துக் குறைப்பது மெய். ஆனால் ஒலியை விஞ்சும் குண்டின் படீர் ஓசை அப்படியே இருக்கும், அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் வேண்டும். சுட்டபின் காதில் இரைச்சல் நிற்கவில்லை என்றால் அன்றோ மறுநாளோ காது மருத்துவரிடம் போய்விட வேண்டும். சுடுகளத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு உரிமையும் உண்டு: இரைச்சல் எட்டு மணி நேரச் சராசரியில் 85 டெசிபலை எட்டினால், காதுக் காப்பையும் செவிச் சோதனையையும் முதலாளி இலவசமாகத் தரவேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. தரவில்லை என்றால் பெயரை மறைத்து அரசிடம் புகார் செய்யலாம்.

கனமான துப்பாக்கியே போதுமே என்பது இன்னொரு வாதம். படுத்துச் சுடுபவருக்கு அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். நாள் முழுக்க மலையேறும் வேட்டைக்காரருக்கு அது உதவாது. அவர் நம்பவேண்டியது மிதமான தோட்டாவையும் கிட்டத்திலிருந்து சுடுவதையும்தான்.

மீதமிருப்பது வேகத்துக்காகத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பி, மருந்தைக் கையேட்டின் உச்சவரம்புக்கு மேல் கூட்டும் பழக்கம். நொடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் கூடும். குழலறையின் அழுத்தமோ அதைவிடச் செங்குத்தாக ஏறும், பித்தளை உறை கிழிந்து வாயு முகத்தில் பீறிடலாம். அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்புக்கென 1972இல் இயற்றிய சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் விலக்கிவிட்டது. பழுதான துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி அந்தச் சட்டம் அமைத்த ஆணையம் உத்தரவிட முடியாது. தயாரிப்பாளரே முன்வர வேண்டும், அல்லது வழக்குப் போட வேண்டும். நெடுந்தூரச் சுடுதலில் பரவலான ரெமிங்டன் 700 ரகத்தின் விசை பற்றிய வழக்கு சமரசமாகி, இலவசமாக விசை மாற்றித்தர நிறுவனம் இசைந்தது; விண்ணப்பிக்கும் காலம் 2020 ஏப்ரலோடு முடிந்தது, தவறவிட்டவர்களுக்கு அந்த வழி இல்லை. துப்பாக்கித் தொழிலுக்குக் காப்பளிக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும், உரிய முறையில் பயன்படுத்தியபோது வடிவமைப்புப் பழுதாலோ தயாரிப்புப் பழுதாலோ காயம்பட்டவரின் வழக்கைத் தடுப்பதில்லை. உரிய முறை என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கைநிரப்புத் தோட்டா போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல கையேடுகள் எழுதியிருக்கின்றன. வரம்பு மீறிய மருந்து என்றால் எதிர்த்தரப்புக்கு வேறு வாதமே தேவையில்லை. ஆலைத் தோட்டாவால் விபத்து நேர்ந்தவர் பெட்டியையும் அதன் தொகுதி எண்ணையும் மிச்சத் தோட்டாக்களையும் வெடித்த உறையையும் எடுத்துவைக்க வேண்டும், துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொடுக்காமல் அப்படியே படமெடுத்து வைக்க வேண்டும். சோதித்துப் பார்க்க அனுப்பிவையுங்கள் என்று தயாரிப்பாளர் கேட்டாலும், வழக்கறிஞரைப் பார்க்கும்வரை எதையும் கைவிட்டு அனுப்பக் கூடாது.