ஆண் வேடத்தில் புதுச்சேரிப் போருக்கு வந்த ஹன்னா: எது நிஜம், எது கதை?

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். 1751-ல் அதற்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதினார்கள். அதற்கு மூணு வருஷம் முன்னாடி, 1748-ல், புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படையில் ஜேம்ஸ் கிரே என்று ஒரு வீரர் இருந்தார். உண்மையில் அவர் ஹன்னா ஸ்னெல் என்ற பெண்!

யார் இவர்?

இங்கிலாந்தின் வூஸ்டரில் 1723-ல் பிறந்தவர். கணவர் விட்டுட்டுப் போனார், குழந்தையும் இறந்தது. சகோதரியின் கணவர் பெயரில் கடற்படை வீரராகச் சேர்ந்தார். 1750-ல் நாடு திரும்பிய பிறகே தான் பெண் என்று சொன்னார்.

எங்கே இடிக்குது?

அதே ஆண்டு ஒரு பதிப்பாளர் இவர் கதையைப் புத்தகமாக்கினார். அதில் மசாலா கொஞ்சம் தூக்கல். 1745-லேயே குழந்தையை இழந்து படையில் சேர்ந்தாராம். ஆனால் குழந்தை பிறந்ததே 1746-ல்தான். உடம்பில் 12 குண்டுக் காயங்கள் என்கிறது புத்தகம். செல்சி ராணுவ மருத்துவமனையின் பென்ஷன் பதிவேட்டில் இருப்பதோ, புதுச்சேரியில் இரண்டு தொடையிலும் காயம் என்பது மட்டுமே.

அப்போ எதை நம்புறது?

'உண்மைக் கதை' என்று வரும் நாவல், சீரிஸ் எதுவானாலும், எழுதியது யார், எதற்காக என்று ஒருமுறை கேளுங்க. மசாலாவை எடுத்துவிட்டாலும் ஹன்னா மிச்சமிருக்கிறார். பெண் என்று தெரிந்த பிறகும் அவருக்குக் கிடைத்த பென்ஷனே அதற்குச் சாட்சி.