மாறுவது மாறட்டும், மூச்சு நம் கையில்!

"கண்ணு, மேட்டுல ஓடாதே. மூச்சை விட்டு விட்டு நட." வாழவந்திக்கு மருமகளாக வந்த புதிதில் அத்தை எனக்குச் சொன்ன முதல் பாடம் இது. நான் சேலத்துப் பெண். அவசரமாக ஏறிப் பாதி மேட்டில் இரைக்க இரைக்க உட்காருவேன். அத்தையோ தலையில் விறகுக் கட்டோடு நிதானமாக என்னைத் தாண்டிப் போய்விடுவார். அதில் பெரிய விஷயம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

2020ஆம் வருடம்தான் எனக்குப் புத்தி வந்தது. மார்ச் மாதம் ஊரடங்கு. ஏற்காடு பார்க்க வருகிறவர்களுக்கு நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த இரண்டு அறைகளும் காலி. பெங்களூரில் வேலை போய் மகன் வீடு திரும்பினான். காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருக்கும் என் கணவருக்கோ பாதிச் சம்பளம். இதற்கு நடுவில் அத்தை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டார். சேலத்தில் ஆபரேஷன் முடிந்து கட்டிலோடு வந்து சேர்ந்தார்.

எனக்குத் தூக்கம் போனது. நெஞ்சு படபடக்கும். எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். ஒருநாள் கழுநீரைக் கொட்டுவதாக நினைத்து அரிசியையே கொட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். டாக்டர் பார்த்து, "ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது" என்று மாத்திரை கொடுத்தார். தினமும் நடக்கவும், மூச்சுப் பயிற்சி செய்யவும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் யோகாசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிப் படித்தேன். மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தியவர். 1950ல் அது மூடப்பட்டது. அறுபது வயதுக்கு மேல் சென்னைக்கு வந்து புதிதாக ஆரம்பித்தார். இளைஞர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்றுத் தந்தவர், இங்கே நோயாளிக்கும் குடும்பப் பெண்ணுக்கும் ஏற்றபடி எளிய பயிற்சிகளை அமைத்துக் கொடுத்தார். ஆளுக்குத் தக்கபடி பயிற்சியை மாற்ற வேண்டும் என்பதே அவர் வழி. 96 வயதில் அவருக்கே இடுப்பெலும்பு முறிந்தபோது, படுத்தபடியே செய்யும் பயிற்சியைத் தனக்கென்று அமைத்துக் கொண்டாராம். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1989ல் மறைந்தார்.

படித்ததும் அத்தையின் கட்டிலைத்தான் பார்த்தேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நானும் அவரும் சேர்ந்தே ஆரம்பித்தோம். நாங்கள் செய்தது இவ்வளவுதான்:

காலையில் எழுந்ததும், கைகளை மெதுவாக உயர்த்தும்போது மூச்சை இழுப்பது, இறக்கும்போது விடுவது. ஆறு தடவை. நான் நின்றபடி, அத்தை படுத்தபடி.

படபடப்பு வந்தால், மூன்று எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிப் பிடிக்கக் கூடாது.

சாயங்காலம் இருபது நிமிட நடை. மழை, பனி என்றால் வீட்டுக்குள்ளேயே.

படுக்கும்முன், "நாளைக்கு என் கையில் இருக்கும் வேலை எது?" என்று ஒன்றை மட்டும் நினைத்துக் கொள்வது. மற்றக் கவலைகள் தலையணைக்கு வெளியே!

முடியாத நாளில் ஆறு தடவை இரண்டாகும். ஆனால் அடியோடு விடமாட்டோம். பழக்கமும் நம்மோடு வளைந்து கொடுத்தால்தான் நிலைக்கும்.

இதனால் வருமானம் வந்துவிடவில்லை. மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் தூக்கம் வந்தது. அழாமல் உட்கார்ந்து கணக்குப் போட முடிந்தது. ஒரு அறையில் மிளகு காயவைத்தோம். மகன் அப்பாவோடு தோட்டத்துக்குப் போனான். அடுத்த வருடம் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினான். அத்தை கோலூன்றி வாசல்வரை நடந்தார்.

எங்கள் மலைக் காப்பிச் செடியைப் பாருங்கள். மாசி வெயிலில் மொட்டோடு காய்ந்து நிற்கும். கோடை மழை விழுந்த எட்டு, பத்து நாளில் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மழை முன்னே பின்னே வந்தாலும் செடி காத்திருக்கிறது.

சென்ற வருடம் அத்தை போய்விட்டார். இரண்டு நாள் நான் எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் அவர் கட்டிலில் உட்கார்ந்து கையை உயர்த்தினேன். அழுகையோடுதான். ஆறு தடவை முடியவில்லை, இரண்டு முடிந்தது. மறுநாள் மூன்று.

உங்கள் வீட்டிலும் ஏதாவது மாறிக்கொண்டுதான் இருக்கும், சகோதரிகளே. நாளைக் காலை அடுப்பு பற்ற வைக்கும்முன், இரண்டே தடவை நிதானமாக மூச்சை விட்டுப் பாருங்களேன்!