வேறு விசேஷம் இல்லை

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். தான் படித்த கல்லூரியின் பழைய மாணவியர் கூட்டத்துக்குப் போனாராம். ஒருத்தி பேராசிரியை, ஒருத்தி வங்கி அதிகாரி, ஒருத்தியின் பிள்ளை அமெரிக்காவில். "நான் வீட்டோடு இருக்கிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, பாதியில் எழுந்து வந்துவிட்டேன்" என்று முடித்திருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவர் எழுந்து வந்ததோடு விட்டார். நான் செய்த காரியம் அதைவிட மோசம். 34 வருஷமாக ஒருவருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் 1980 முதல் 1983 வரை பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் படித்தேன். கிறிஸ்தவக் கல்லூரி, அதிலும் பெண்கள் மட்டும் படிக்கிற கல்லூரி என்பதால்தான் எங்கள் அப்பா ஹாஸ்டலில் விடவே சம்மதித்தார். கல்லூரிக்குப் பெயர் கொடுத்த சாராள் தக்கர் அம்மையார் இங்கிலாந்துக்காரர். பாளையங்கோட்டையைக் கண்ணால் பார்த்தவரே இல்லை. சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் மிஷன் பணியில் இருந்தார். இந்த அம்மையார் அங்கே இருந்துகொண்டே தென்னிந்தியாவைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர் காலமான பிறகு அவர் பெயரால் ஏற்பட்ட பள்ளிதான் வளர்ந்து 1895ல் கல்லூரி ஆனது. கப்பலில் கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆன காலத்தில், பார்க்காத ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டிருக்கிறாரே என்று அப்போது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஹாஸ்டல் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் ஆறு பேர் ஒன்றாக உட்காருவோம். பெயர் எழுதினால் சங்கடம், ஊர்ப் பெயராலேயே சொல்கிறேன். அங்கேயும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நாசரேத்து, கடையநல்லூர், நாகர்கோவில், கோவில்பட்டி, சங்கரன்கோவில், நான். நாசரேத்து ஜெபம் சொல்லி முடிக்கும் வரை கடையநல்லூர்க்காரி கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள், "ஆமென்" சொன்ன மறு நொடி அப்பளத்தில் கை வைப்பாள். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் ஆறு பேரும் சேர்ந்து பாடினோம். எனக்குக் குரல் வராது, வாயை மட்டும் அசைப்பேன்.

கடைசி நாள் அழுகை எல்லாம் முடிந்த பிறகு நாசரேத்துதான் அந்த யோசனை சொன்னாள். கல்லூரி மலர்களில் பழைய மாணவியருக்குக் கல்யாணம், குழந்தை, வேலை என்று செய்தி போடுவார்கள் அல்லவா? அது மாதிரி நமக்கென்று ஒரு நோட்டு. 200 பக்கம், காக்கி அட்டை போட்டது. ஒருத்தி இரண்டு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டியது. ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதுவரை நடந்ததெல்லாம் அதில் இருக்கும். ஒருத்தியின் கையெழுத்தைப் பார்த்தாலே அவள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

முதல் இரண்டு சுற்று ஆனந்தம்தான். எல்லாருக்கும் அடுத்தடுத்து கல்யாணம். கடையநல்லூர்க்காரி நிக்காஹ் பத்திரிகையையே ஒட்டி அனுப்பினாள். நாகர்கோவில்காரிக்கு பேங்க் வேலை. நாசரேத்து ஆசிரியையாகி, கல்யாணம் கட்டி, பாளையங்கோட்டையிலேயே வீடு பார்த்துக்கொண்டாள். சங்கரன்கோவில்காரி மாப்பிள்ளையோடு பம்பாய் மாட்டுங்காவுக்குப் போனாள். நான் ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரருக்கு இரும்புக் கடை.

அப்புறம் நோட்டில் குழந்தைகள் வர ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் வரவில்லை.

நம் ஊரில் "விசேஷம் உண்டா?" என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறிகாய்க்காரி கேட்பாள், கோவில் குருக்கள் வீட்டம்மா கேட்பார், கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் கேட்பார்கள். மதுரையில் டாக்டர் பார்த்தாயிற்று. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடியாயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வீட்டில் அவர் மட்டுமா இருந்தார்? நோட்டு என் கைக்கு வரும்போதெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுத எனக்கு ஒன்றும் இருக்காது. தேதி போட்டு, "நலம். வேறு விசேஷம் இல்லை" என்று எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஐந்து சுற்றுக்கும் அதே வரி.

1991 ஆவணி மாதம். என் ஓரகத்திக்கு வளைகாப்பு. எல்லாரும் வளையல் போட்டார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது மாமியார் என் கையிலிருந்து அதை வாங்கி, "நீ அடுப்பைப் பாரும்மா" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. அடுப்படியில் நான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். நோட்டு. பம்பாயிலிருந்து. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். உள்ளேயிருந்து ஒரு போட்டோ விழுந்தது. சங்கரன்கோவில்காரி, அவள் மடியிலும் பக்கத்திலுமாக மூன்று பிள்ளைகள். அவ்வளவுதான். போட்டோவை உள்ளே வைத்து மூடி, அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒரு வரிகூடப் படிக்காமல், ட்ரங்குப் பெட்டியில் கல்யாணப் பட்டுக்கு அடியில் சொருகினேன்.

அடுத்த வாரம் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் தீபாவளி வரை போனது. தை பிறந்தது. நாசரேத்திடமிருந்து கார்டு வந்தது: "நோட்டு உன்கிட்ட வந்துச்சாட்டி?" உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. "அனுப்பி மூணு மாசம் ஆச்சே, வரலையா?" என்று பதில் போட்டேன். அவள் லேசுப்பட்டவள் இல்லை. தலைமைத் தபால் நிலையத்துக்கே போய் விசாரித்திருக்கிறாள். ரசீது எண் கேட்டார்களாம். "சாதா புக் போஸ்ட்டில் போட்டேன், ரசீது இல்லை" என்று இரண்டாவது பொய். அதன் பிறகு எங்கள் தெருத் தபால்காரர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. மழையில் நனைந்துகொண்டு மணியார்டர் கொண்டுவந்து கொடுக்கிற மனுஷர் அவர்.

நோட்டு நின்றதும் பழக்கமும் தேய்ந்தது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் வாழ்த்து அட்டை, அப்புறம் அதுவும் இல்லை. பம்பாய்க்காரி மட்டும் ஒரு அட்டைக்கும் பதில் போடவில்லை. "பம்பாய்க்குப் போனதும் நம்மையெல்லாம் மறந்துட்டா" என்று பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் பேசினேன்.

2016ல் நாகர்கோவில்காரி எங்களைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். பேரன் பேத்தி படமும் முழங்கால் வலி வைத்தியமுமாகப் பொழுது போயிற்று. 2018ல் பம்பாய்க்காரியும் வந்து சேர்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஒரு நாள் கோவில்பட்டிக்காரி, "உன் மூணு பிள்ளைகளும் என்ன பண்ணுதாங்க?" என்று கேட்டாள். அவள் எழுதினாள்: "மூணாவது மகளுக்குக் காது கேக்காது. உங்களுக்கெல்லாம் அப்பவே எழுதினேனே."

நாசரேத்து உடனே, "எப்பட்டி எழுதின? அந்த நோட்டுதான் தபால்ல தொலைஞ்சு போச்சே!" என்றாள். அதற்குப் பம்பாய்க்காரி வெகு நேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு, "அப்படியா. எனக்குத் தெரியாது. படிச்சிட்டு யாரும் பதில் போடலன்னு நெனச்சேன்" என்று வந்தது. மற்றவர்கள் தபால் இலாகாவைத் திட்டித் தீர்த்தார்கள்.

நான் போனைக் கீழே வைத்துவிட்டுப் பரணில் ஏறினேன். அந்த வயதில் ஏணியில் ஏறினதே தப்பு. பட்டுப்புடவை மடிப்பில் இற்றுப் போயிருந்தது, நோட்டு அப்படியே இருந்தது. 27 வருஷம் கழித்து அந்த இரண்டு பக்கத்தைப் படித்தேன்.

மூன்றாவது பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. குக்கர் மூடி கைதவறிக் கீழே விழுந்தபோது திரும்பிப் பார்க்கவில்லையாம். வீட்டில் சொன்னால், "அவ அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், எல்லாம் தானா வரும்" என்று சொல்லிவிட்டார்கள். "காது கேக்காத பிள்ளைன்னு வெளியே தெரிஞ்சா மூத்தவளை யாரு கட்டுவான்னு கேக்காங்க. நான் போடுற கடுதாசி எல்லாத்தையும் இங்க பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் அனுப்புவாங்க. இந்த நோட்டை மட்டும் பொம்பளைங்க விளையாட்டுன்னு தொடமாட்டாங்க. நாசரேத்து, உன் வீட்டுப் பக்கத்துலதானே காது கேளாதோர் பள்ளிக்கூடம் இருக்கு? எத்தனை வயசுல சேப்பாங்க, ஆஸ்டல் உண்டான்னு கேட்டு எங்க அண்ணன் விலாசத்துக்கு ஒரு கார்டு போடு. படிக்கிற வேற யாருக்காவது விவரம் தெரிஞ்சாலும் எழுதுங்க."

பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார் 100 வருஷத்துக்கும் முன்பு தொடங்கிய பள்ளி அது. எங்கள் ஹாஸ்டல் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம். நாசரேத்தின் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். எனக்கு அடுத்து நோட்டு போக வேண்டியது அவளிடம்தான்.

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று சந்தேகம் வந்தால் யார் என்ன சொன்னாலும் காத்திருக்காதீர்கள். இப்போது பிறந்த சில நாட்களிலேயே காதைப் பரிசோதிக்கிற கருவி இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. மொழி பதிகிற வயது அந்த முதல் சில வருஷங்கள்தான் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இதையெல்லாம் நான் 2018க்குப் பிறகு தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். யாருக்குப் பிரயோசனம்!

என் வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் நோட்டை வாங்கிப் படித்தார். "வளைகாப்பு அன்னிக்கு நடந்ததை என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நேர்ல போய்ச் சொல்லிடு. போன்ல சொல்ற விஷயமில்ல" என்றார்.

2019 ஆடித்தபசுக்கு அவள் சங்கரன்கோவிலில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. நோட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நடந்து போனேன். என்னைக் கண்டதும் "ஏட்டி!" என்று கட்டிக்கொண்டாள். காபி குடித்த பிறகு நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும், வளைகாப்பையும் சேர்த்து.

அவள் தன் பக்கத்தைப் பிரித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏழு வயசுலதான் சேத்தேன். எங்க அம்மா சாகக் கிடந்தப்போ ஊருக்கு வந்தேன்லா, அப்ப எங்க அண்ணிதான் கூட்டிட்டுப் போனா" என்றாள். பிறகு, "நாலு வருஷம்ட்டி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த நேரம் மகள் உள்ளே வந்தாள். 31 வயது, தையல் வேலை படித்துச் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள், அவள் போலவே காது கேளாத ஒருவரைக் கல்யாணம் செய்திருக்கிறாள். அம்மா கைஜாடையில் என்னவோ சொன்னாள். எவ்வளவு சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். கடையநல்லூர்க்காரி வரைந்த ஹாஸ்டல் சமையல்காரம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தைப் புரட்டிப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்து, பழைய பக்கத்துக்குப் போய், அதற்கும் பழைய பக்கத்துக்குப் போய், என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

"ஏன் எல்லா வருஷமும் ஒரே வரி எழுதியிருக்கீங்கன்னு கேக்கா" என்றாள் அவள் அம்மா.

என்ன பதில் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. குழந்தை இல்லை, அதனால் எழுத ஒன்றும் இல்லை என்றுதான் ஏதோ சொல்லியிருப்பேன். அவள் அம்மா அதை ஜாடையில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவு வலிச்சுதாட்டி? ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் அந்த போட்டோவை வச்சிருக்கவே மாட்டேனே" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நோட்டை அவளே வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஆறு வருஷம் அவளிடமிருந்து போன் இல்லை. கொரோனா சமயத்தில் குழுவில் "எல்லாரும் நலமா" என்று பொதுவாகக் கேட்டதோடு சரி. நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

போன ஐப்பசியில் தபால் வந்தது. காக்கி அட்டை கிழிந்திருந்த இடத்தில் பூப்போட்ட துணி வைத்து அழகாகத் தைத்திருந்தது. மகளின் கைவேலை. உள்ளே 1991ல் எழுதின பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அவள் 34 வருஷத்தையும் எழுதியிருந்தாள். கணவர் இறந்தது, மூத்தவள் கல்யாணம், சின்னவள் கடை, பேரனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பது வரை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே, "அடுத்தது ராஜபாளையம்" என்று மட்டும் இருந்தது.

இரண்டு பக்கம் போதவில்லை, ஏழு பக்கம் எழுதினேன். மதுரை டாக்டர், ராமேஸ்வரம், கடைக் கணக்கை நான் பார்க்க ஆரம்பித்தது, கடைப் பையன்கள் நாலு பேருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது, மாமியார் கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது என் கையால் மட்டும்தான் சாப்பிடுவேன் என்றது எல்லாம் எழுதினேன். நோட்டு தபாலில் தொலையவில்லை என்பதையும் எழுதினேன். அதை எழுதத்தான் பத்து நாள் ஆயிற்று.

தபால் நிலையத்தில் "பதிவுத் தபால்" என்று கேட்டேன். அது இப்போது தனியாகக் கிடையாதாம், ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களாம். கவுண்டரில் இருந்த பெண்தான் சொன்னாள். ரசீதை வாங்கிப் பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாசரேத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மறுநாளே தெரிந்தது.

இன்றோடு 12 நாள் ஆகிறது. அவளிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

- ஒரு வாசகி, ராஜபாளையம்