ஓட்டம் உயரமாகும் கணக்கு

போன வாரம் சேலத்துலேர்ந்து நண்பனோட பைக்ல ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு. பாதியில வண்டி சூடாகி நின்னுடுச்சு. கீழே தெரிஞ்ச சேலத்தைப் பார்த்ததும் பவித்ரா வெங்கடேஷ் ஞாபகம் வந்தது. சேலத்துப் பொண்ணு. 2023 பிப்ரவரியில அஸ்தானாவுல நடந்த ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில, போல் வால்ட்ல 4.00 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினவங்க. வெண்கலம் வாங்கின ரோஸி மீனா பால்ராஜும் தமிழ்நாடுதான்.

கோலூன்றித் தாண்டுதல்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். எங்க வண்டி மலை ஏற எஞ்சின் இருந்தது (நின்னு போறவரைக்கும்). இவங்களுக்கு எஞ்சின் ஓட்டம்தான். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்துல ஓடுறாங்கன்னு வெச்சுக்குவோம். அந்த ஆற்றல் முழுக்க உயரமா மாறினா எவ்வளவு? வேகத்தோட வர்க்கம் 64, அதை 19.6ஆல வகுத்தா சுமார் 3.3 மீட்டர். நிக்கும்போதே உடம்போட ஈர்ப்பு மையம் தரையிலேர்ந்து ஒரு மீட்டர் மேலே இருக்கு. கூட்டினா 4.3. 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில ரோஸி தாண்டினது 4.20! 2014லேர்ந்து நம்ம சுரேகா வெச்சிருந்த 4.15 தேசிய சாதனை அன்னைக்கு உடைஞ்சது. வழியில வீணாகுற ஆற்றல், கையால தள்ளி ஏறுறது ரெண்டையும் இந்தக் கணக்குல நான் சேர்க்கல. ஆனாலும் எவ்வளவு பக்கத்துல வருது பாருங்க.

அப்போ கோலுக்கு என்ன வேலை? அது தானா ஆற்றலை உண்டாக்காது. ஓட்டத்தை வாங்கி, வளைஞ்சு, திருப்பிக் கொடுக்கும். கைமாத்து மாதிரி. அமெரிக்காவோட வார்மர்டாம் 1942ல மூங்கில் கோலை வெச்சே 4.77 தாண்டினார். அதை உடைக்க 1957 வரைக்கும் ஆச்சு. மூங்கில் அவ்வளவா வளையாது. ஊன்றின அதிர்ச்சி தோள்ல இறங்கும். ஃபைபர் கிளாஸ் வந்தப்புறம் கதையே வேற. 1961ல 4.83ஆ இருந்த உலக சாதனை 1964ல 5.28. வளையுற கோல் ஊன்றின நொடியில குட்டையாகிடுது, அதனால நிமிர்த்துறது சுலபம். இன்னும் மேலே பிடிக்கலாம்.

சிக்கலும் இங்கேதான். ஒவ்வொரு கோலும் ஒரு நீளம், ஒரு எடைக்குன்னே செஞ்சது. உங்களுக்கு ரொம்ப விறைப்பான கோல்னா நிமிராது, ஓடி வந்த பாதையிலயே திரும்ப விழுவீங்க. ரொம்ப இளகினதுன்னா அளவுக்கு மேல வளையும், உடையவும் செய்யும். வேகம் கூடக்கூட, வளர்ற பையனுக்குச் செருப்பு மாத்துற மாதிரி கோலையும் மாத்தணும். ஒரு போட்டிக்கே பல கோல் வேணும். நாலு மீட்டருக்கு மேல நீளம், மடக்க முடியாது. அதைத் தூக்கிட்டு பஸ்ல, ரயில்ல ஏறிப் பாருங்க! என் லேப்டாப் பழசானா கோட் கம்பைல் ஆக நேரமாகும், அவ்வளவுதான். பொருந்தாத கோல்னா மெத்தைக்கு வெளியே விழணும்.

அடுத்த தடவை போட்டி பார்க்கும்போது ஒருத்தர் கையில இருக்குற கோலை வெச்சுட்டு வேற எடுத்தா கவனிங்க. ஒருவேளை எதிர்க்காத்து அடிக்க ஆரம்பிச்சிருக்கும். ஓட்டம் குறையும்னு கொஞ்சம் இளகின கோலுக்கு மாறுறாங்க.