நகரப் பூங்காவும் வடதிசைப் பறவைகளும்

நுவரெலியா நகரின் நடுவே ஏறத்தாழ 27 ஏக்கர் பரப்பில் விக்டோரியா பூங்கா அமைந்துள்ளது. முன்னர் ஹக்கலைத் தாவரவியற் பூங்காவின் ஆராய்ச்சி நிலமாக விளங்கிய இவ்விடத்திற்கு, விக்டோரியா மகாராணியார் ஆட்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 1897 ஆம் ஆண்டில் இப்பெயர் சூட்டப்பட்டது. மலர்ப் பாத்திகளைக் காண்பதற்கே மக்களிற் பெரும்பாலார் இங்கு வருகின்றனர். ஆனால் ஐப்பசி முதல் பங்குனி வரை இதன் புதர் நிழலை நாடி வருவோர் வேறு சிலரும் உளர்.

அவற்றுள் அரியது காஷ்மீர் ஈப்பிடிப்பான். ஆண் குருவியின் மார்பு செங்கல் நிறமுடையது. காஷ்மீரத்துக் காடுகளிற் குஞ்சு பொரித்து, ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் பறந்து, குளிர்காலத்தைப் பெரும்பாலும் நமது மலைநாட்டிலேயே இது கழிக்கின்றது. உலகில் அருகிவரும் பறவைகளுள் இதுவும் ஒன்றாகக் கணிக்கப்பட்டுள்ளது. இமயமலைச் சாரலிலிருந்து கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் வருகின்றது. ஆறுமணிக்குருவியையோ கமக்காரருக்கு அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. காலையும் மாலையும் அது குரலெழுப்பும் வேளையே அதன் பெயராயிற்று.

இவை நகரத்துப் பூங்காவை நாடுவதேன்? சுற்றியுள்ள மலைகளிற் பெரும்பகுதி முதலில் தேயிலைக்காகவும் பின்னர் மரக்கறிச் செய்கைக்காகவும் வெளியாக்கப்பட்டது. பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் நிழலில், ஈர மண்ணின்மேற் கிடக்கும் சருகைப் புரட்டிப் புழுபூச்சிகளை உண்பவை. பூங்காவின் மரநிழலும் அதனூடே ஓடும் நீரோடையின் கரையும் அவற்றிற்கு அவ்வுணவை அளிக்கின்றன. துடைப்பம் படாத மூலைகளே பறவைகளுக்கு மிக உகந்தவை என்பதைப் பூங்காக் காவலர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பெருக்கித் துப்புரவாக்கிய புற்றரை, கண்ணுக்கு எத்துணை இனிதாயினும், பூங்குருவிக்கு வெறும் பாலையே.

பூங்காவின் வேலி பறவைக்கு எல்லையன்று. அயலிலுள்ள கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்களின் ஓரங்களிலும் அது இரை தேடும். இப்பறவைகள் கோவாப் புழுவை அடியோடு ஒழித்துவிடுமென்று கூறுதல் மிகையாகும். எனினும், தேவையின்றித் தெளிக்கப்படும் பூச்சிநாசினி அவற்றின் இரையை அழிப்பதுடன், அப்புழுவைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்று, கமக்காரருக்கே செலவைப் பெருக்குகின்றது.

ஓடைக்கரையில் புதர்களை ஒரு வரிசையேனும் விட்டுவைத்தால் பறவைக்கு நிழலும், சரிவு நிலத்து மண்ணுக்குக் காவலும் கிடைக்கும். வேலியோரச் சருகை எரித்தலாகாது; பாத்திக்குத் தேவையானதைக் கூட்டெருவுக்கு எடுத்து, எஞ்சியதை அங்கேயே மக்க விடலாம். தெளிகருவியை ஓடையிற் கழுவுதல் கூடாது. கழுவிய நீரை மருந்து தெளித்த பாத்தியிலேயே விடல் வேண்டும்.